உப்புவெளி வெக்கையில் ப்ராசசர் 88 பாகை: என்ன செய்யலாம்?

கேள்வி:
நானே பூட்டிய கணினி. ப்ராசசர் ரைசன் 5 5600, அதைக் குளிர்விக்க அதோடு வந்த விசிறிக் கூலர். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மத்தியானத்தில் வீடியோ ரெண்டர் போட்டால் 88 பாகை. தண்ணீர்க் கூலர் வாங்கவா, அண்ணாமார்?

பதில்:
வேண்டாம் தம்பி. 90 பாகைதான் அதன் எல்லை. நெருங்கினால் தானே வேகத்தைக் குறைக்கும், எரியாது. முதலில் கூலரைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். கடற்கரைத் தூசி உப்பு ஈரத்தோடு தகடுகளில் அப்பிக்கொள்ளும்; ஊதினால் போகாது, தூரிகை வேண்டும். கழற்றமுன் கணினியைக் கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, சிப்புக்கும் கூலருக்கும் இடையில் வெப்பம் கடத்தப் பூசிய பேஸ்ட் இளகிய சூட்டிலேயே கூலரை மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். புதுப் பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

இன்னொருவர்:
பயோஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில், மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோட் 45 வாட் போட்டுப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும்.

கேட்டவர்:
சரி அண்ணா, தூரிகையும் பேஸ்ட்டும் வாங்கிவிட்டு எழுதுகிறேன்.