ஹைட்ரஜன் கார்: அந்த 5 நிமிடம் யார் கணக்கில்?

கணக்கன்:
நம் மன்றத்தின் சோடியம் பேட்டரி விவாத இழையில் நம்ம நீரகப்பிரியன் போகிற போக்கில் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ஹைட்ரஜன் காரை 5 நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடலாம். பேட்டரி கார்க்காரர்கள் சார்ஜ் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்." அங்கேயே பதில் எழுதினால் மட்டுறுத்தர் கத்தரியோடு வருவார் என்பதால் தனி இழை.

இந்த 5 நிமிடப் புராணத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2014 கடைசியில் டொயோட்டாவின் ஹைட்ரஜன் கார் மிராய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதும் இதே பாட்டுதான். குழாய் வண்டியோடு கோத்திருக்கிற நேரம் 5 நிமிடம், சரி. அதற்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதை யார் எண்ணுவது?

நீரகப்பிரியன்:
வந்துட்டார் கணக்கன், பஞ்சாயத்தைக் கூட்டிக்கொண்டு. 5 நிமிடம் என்பது நான் கனவில் கண்டதில்லை ஐயா. மிராயின் மூன்று தொட்டிகளில் 5.6 கிலோ ஹைட்ரஜன் 700 பார் அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) ஏறுகிறது. கிலோவுக்கு 33.3 யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல். மொத்தம் 186 யூனிட். இதை 5 நிமிடத்தில் ஏற்றுகிறோம் என்றால் சுமார் 2.2 மெகாவாட் வேகம். உங்கள் நெடுஞ்சாலைச் சார்ஜர் 350 கிலோவாட். நீங்கள்தான் கணக்கன் ஆயிற்றே, வகுத்துப் பாருங்கள்.

கணக்கன்:
வகுத்தேன். உங்கள் 186 யூனிட்டில் எரிகலன் (காருக்குள் ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் கருவி) கிட்டத்தட்ட பாதியை வெப்பமாகத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் மோட்டாருக்குத் தரும். அதை ஏன் விட்டீர்கள்?

அதுகூடப் போகட்டும். அந்த 5 நிமிடத்துக்கே வருகிறேன். 700 பாருக்கு வாயுவை வேகமாகத் திணித்தால் தொட்டி சூடாகும். 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அதனால் நிலையத்திலேயே வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிரவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அவ்வளவு குளிர்ந்த குழாய்முனை ஈரக் காற்றில் இருந்தால் என்ன ஆகும்? பனி பிடிக்கும். கலிபோர்னியாவில் மிராய் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், நிரப்பி முடித்தபிறகு முனை வண்டியோடு உறைந்து ஒட்டிக்கொண்டு கழற்ற வராமல் நிற்கும் கதையைச் சொல்வார்கள். பனி இளகும்வரை அந்த வண்டியும் நகராது, பின்னால் நிற்கிற வண்டியும் நகராது.

அப்புறம் இன்னொன்று. நிலையத்தின் சேமிப்புக் கலத்தில் 700 பாரைவிட அதிக அழுத்தம் இருந்தால்தான் வாயு காருக்குள் பாயும். வரிசையாகச் சில வண்டிகள் வந்துவிட்டால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். அழுத்தி (கம்ப்ரெசர்) அதை மறுபடி ஏற்றும்வரை அடுத்தவர் நிற்க வேண்டும். அந்த நேரம் எந்த விளம்பரத்தில் வருகிறது?

நீரகப்பிரியன்:
பழைய நிலையங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். பெரிய அழுத்தி, பெரிய கலம் வைத்தால் தீர்ந்தது. பெட்ரோல் பங்க்கிலும்தான் பண்டிகைக்கு முதல்நாள் வரிசை நிற்கிறது, அதற்காகப் பெட்ரோல் கார் தோல்வியா? நிரப்ப 5 நிமிடம்தான். திரும்பவும் சொல்கிறேன், 5 நிமிடம்.

கணக்கன்:
பெரிய அழுத்தி, பெரிய கலம், பெரிய குளிரூட்டி. யார் காசு?

வாசல்திண்ணை:
நண்பர்களே, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒருவர் பேசுவது குழாய் ஓடும் நேரம், மற்றவர் பேசுவது நிலையத்துக்குள் நுழைந்து வெளியே வரும் நேரம். எதை "நிரப்பும் நேரம்" என்கிறோம் என்று முதலில் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காதே?

நீரகப்பிரியன்:
5 நிமிடம் என்றால் 5 நிமிடம். இதில் ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

கணக்கன்:
திண்ணை, உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் இவரிடம் பலிக்காது. 2019இல் எரிவாயுக் குழாயில் ஹைட்ரஜன் கலக்கிற இழையிலும் இப்படித்தான், கடைசிவரை ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

ஒர்க்‌ஷாப் ராசா:
அண்ணன்மாரே, ஒரு சின்னக் கேள்வி. 5.6 கிலோ வாயுவுக்குத் தொட்டி எடை என்ன தெரியுமா? சுமார் நூறு கிலோ. கார்பன் இழையை அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்த உருளைகள், அத்தனையும் வாங்கும்போதே விலையில் ஏறிவிடும். இடமும் 140 லிட்டருக்கு மேல் போகிறது. உருளை வடிவம் என்பதால் பெட்ரோல் டேங்க் மாதிரி மூலை முடுக்கில் மடக்கி வைக்கவும் முடியாது. மிராயில் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இடம் எங்கே போனது என்று புரியும். பேட்டரி மட்டும் என்ன ஒசத்தி என்று கேட்காதீர்கள், அதுவும் நானூறு ஐந்நூறு கிலோ வரும். இரண்டுமே சுமைதான்.

நீரகப்பிரியன்:
ராசா சொன்னதைக் கவனிக்கவும்: பேட்டரி ஐந்நூறு கிலோ. அவர் வாயாலேயே.

ஒர்க்‌ஷாப் ராசா:
அதை மட்டும்தான் கேட்டீர்களா!

கணக்கன்:
எடையை விடுங்கள், காசுக்கு வாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். 5.6 கிலோவுக்கு 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தவும் குளிரவைக்கவும் ஆகிற செலவைத் தள்ளுபடி செய்துவிடுகிறேன், போனால் போகிறது. அதில் மிராய் சுமார் 650 கி.மீ. ஓடும். அதே 300 யூனிட்டைப் பேட்டரி காரில் ஏற்றினால், சார்ஜ் இழப்பையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், 1,300 கி.மீ. தாண்டும். ஒரே மின்சாரம், இரண்டு மடங்கு தூரம். இந்தப் பள்ளத்தை எந்த விஞ்ஞானியும் தூர்க்க முடியாது, ஏனென்றால் மின்சாரத்தை வாயுவாக்கி, வாயுவை மறுபடி மின்சாரமாக்குகிற இரண்டு படியிலும் இழப்பு உண்டு. பணத்தை டாலராக மாற்றி, ஊருக்கு வந்ததும் திரும்ப மாற்றுகிறவன் இரண்டு முறையும் தரகு கொடுப்பது மாதிரி.

நீரகப்பிரியன்:
இந்தத் திறன் கணக்கு மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு. நடுப்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சி வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது. சில நாடுகளின் மின்சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அந்த மின்சாரத்தில் பாதி வீணானால் யாருக்கு நட்டம்? நான் வேதிப்பொறியாளர், ஆலையில் ஹைட்ரஜனோடு புழங்குகிறவன். எக்செல் தாளில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இது புரியாது.

கணக்கன்:
ஆகா, சான்றிதழ் வந்துவிட்டது. ஆலையில் புழங்குகிற வேதிப்பொறியாளரே, உலகம் 2022இல் ஏறத்தாழ 95 மில்லியன் டன் ஹைட்ரஜன் பயன்படுத்தியது. பெரும்பகுதி எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் அமோனியாவுக்கும் போகிறது. அது எதிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் இயற்கை எரிவாயு, கொஞ்சம் நிலக்கரி. எரிவாயுவிலிருந்து எடுத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. காரின் பின்குழாயில் தண்ணீர் சொட்டுவதை மட்டும் படம் எடுத்துப் போடுகிறீர்கள்.

மிஞ்சும் மின்சாரம் பற்றி. அது நாளில் சில மணிநேரம்தான் மிஞ்சும். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பான் என்பது லேசுப்பட்ட விலையா? நாளுக்கு நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு மிச்ச நேரம் துணி போட்டு மூடி வைத்தால், வாங்கிய கடனுக்கான வட்டி முழுக்க அந்த நாலு மணி நேர ஹைட்ரஜன் தலையில் விழும். நாள் முழுக்க ஓட்டினால் ஓசி மின்சாரம் கிடையாது. ஓசி மின்சாரமும் வேண்டும், ஆலையும் ஓய்வில்லாமல் ஓட வேண்டும் என்றால் எப்படி?

நீரகப்பிரியன்:
மின்பகுப்பான் விலை இறங்கும். சூரியத் தகடு விலை இறங்கவில்லையா?

கணக்கன்:
இறங்கட்டும், அன்றைக்குப் பேசுவோம். பேட்டரி விலை இறங்கியே விட்டது. ப்ளூம்பெர்க் என்இஎஃப் என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல், 2024இல் 115 டாலர். எதிர்பக்கம் என்ன நடந்தது? கலிபோர்னியாவில் ஹைட்ரஜன் கிலோ 36 டாலர் வரை ஏறியது. மிராய் வாங்கினால் 15,000 டாலருக்கு எரிபொருள் இலவசம் என்று அட்டை கொடுத்து விற்றார்கள். காருக்கு எரிபொருளை இலவசமாகக் கொடுத்தால்தான் விற்கும் என்றால் அந்தப் பொருளாதாரத்துக்கு என்ன பெயர்? 2024 பிப்ரவரியில் அங்கே ஷெல் எண்ணெய் நிறுவனம் தன் ஹைட்ரஜன் கார் நிலையங்களை மொத்தமாக மூடிவிட்டது. இப்போது நிலையம் தேடி ஓட்டுகிற நேரத்தையும் உங்கள் 5 நிமிடத்தில் சேர்க்கட்டுமா?

மௌனசாமி:
ஹிண்டன்பர்க் ஞாபகம் இருக்கா யாருக்காவது? 1937. 36 உயிர்.

நீரகப்பிரியன்:
இதற்குத்தான் காத்திருந்தேன். ஹைட்ரஜன் என்று யார் சொன்னாலும் ஒருவர் ஹிண்டன்பர்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அது துணிப்பையில் அடைத்த ஆகாயக் கப்பல். இன்றைய தொட்டியைத் துப்பாக்கியால் சுட்டுச் சோதித்துவிட்டுத்தான் சாலைக்கு விடுகிறார்கள். ஹைட்ரஜன் கசிந்தால் மேலே பறந்துவிடும், பெட்ரோல் மாதிரி தரையில் தேங்காது. உங்கள் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்கத் தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் அடிக்கிறார்களே, அது கண்ணில் படாதா?

கணக்கன்:
1937 எதற்கு? 2019 ஜூன் மாதம் நார்வேயில் ஓஸ்லோ பக்கம் சாண்ட்விகாவில் ஹைட்ரஜன் நிலையமே வெடித்தது. அதிர்ச்சியில் பக்கத்துச் சாலையில் போன காரின் காற்றுப்பைகள் விரிந்துகொண்டன. விசாரித்தபோது, உயர் அழுத்தக் கலத்தின் அடைப்பில் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று தெரிந்தது. டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன.

நீரகப்பிரியன்:
போல்ட் முறுக்காதது மனிதப் பிழை. தொழில்நுட்பத்தின் பிழை இல்லை.

ஒர்க்‌ஷாப் ராசா:
போல்ட்டை மனிதன்தான் முறுக்குவான் அண்ணே. நாளைக்கு ஊருக்கு ஒரு நிலையம் என்று வைத்தால் அத்தனையிலும் முறுக்கப்போவது என்னை மாதிரி ஆட்கள்தான். பயமாக இருக்காதா?

இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். கிடங்குகளில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் இருக்கின்றன அல்லவா, அமெரிக்காவில் அமேசான், வால்மார்ட் மாதிரி நிறுவனங்கள் எரிகலன் வைத்ததை நிறைய ஓட்டுகின்றன. மூன்று ஷிஃப்ட் ஓடும் இடம். பேட்டரி மாற்றுகிற நேரமும் அதற்கான அறையும் மிச்சம். நிரப்பும் இடம் அதே கூரைக்குக் கீழே. அங்கே வேகமாக நிரப்புவது காசாகிறது. வீட்டு வாசலில் இரவெல்லாம் சும்மா நிற்கிற காருக்கு 5 நிமிடமானால் என்ன, 5 மணி நேரமானால் என்ன?

நீரகப்பிரியன்:
பார்த்தீர்களா! ராசாவே சொல்லிவிட்டார், வேகமாக நிரப்புவது காசாகிறது.

ஒர்க்‌ஷாப் ராசா:
நான் இனிமேல் எழுதவில்லை சாமி.

கணக்கன்:
ராசா, போகாதீர்கள். அவருக்கு வேண்டிய பாதியை மட்டும் கத்தரித்துக்கொள்வது அவர் வழக்கம். ஃபோர்க்லிஃப்ட் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கும் முழு உடன்பாடு கிடையாது, அந்த வளர்ச்சிக்குப் பின்னால் வரிச்சலுகையும் இருந்தது. அது தனிக் கதை.

ஹைட்ரஜன் லாரி என்று அடுத்து ஆரம்பிப்பார் என்பதால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவைக்கிறேன். நிக்கோலா என்று ஒரு நிறுவனம். லாரி தன் மோட்டார் சக்தியிலேயே ஓடுகிற மாதிரி 2018இல் ஒரு காணொளி விட்டார்கள். உண்மையில் சரிவான சாலையில் உருட்டிவிட்டுப் படம் பிடித்தது. நிறுவனர்மேல் மோசடிக் குற்றம் 2022இல் நிரூபணமானது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு போட்டது. புவியீர்ப்பில் ஓடுகிற லாரிக்கு நிரப்பும் நேரம் பூஜ்யம், 5 நிமிடத்தைவிட நல்ல சாதனை.

நீரகப்பிரியன்:
அந்த நிறுவனருக்கு அமெரிக்க அதிபர் மன்னிப்பே கொடுத்தாயிற்று, செய்தி படிப்பதில்லையா? ஒரு கம்பெனி ஏமாற்றினால் மொத்தத் துறையும் ஏமாற்றா? அப்படியானால் பேட்டரியில் கதை விட்டுக் காணாமல் போன கம்பெனிகளை எண்ணத் தொடங்கட்டுமா, விடிந்துவிடும்.

கணக்கன்:
மன்னிப்பு கிடைத்தால் லாரி ஏற்றத்தில் ஏறிவிடுமா?

மௌனசாமி:
2025 மார்ச்சில் சீனக் கார் நிறுவனம் பிஒய்டி 1,000 கிலோவாட் சார்ஜர் காட்டினார்களே. 5 நிமிடத்தில் 400 கி.மீ. என்று.

நீரகப்பிரியன்:
அது கம்பெனி அறிவிப்பு. மேடையில் காட்டுவது வேறு, தெருவில் நடப்பது வேறு. வரிசையாக நாலு வண்டி வந்து மெகாவாட் மெகாவாட்டாக இழுத்தால் அந்தத் தெரு மின்மாற்றி என்ன பாடுபடும்? பக்கத்தில் பெரிய பேட்டரி வைத்துச் சேமித்துத்தான் கொடுக்க வேண்டும். அது காலியானால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

வாசல்திண்ணை:
நீரகப்பிரியன் ஐயா, இதையே வார்த்தைக்கு வார்த்தை கணக்கன் மேலே ஹைட்ரஜன் நிலையத்துக்குச் சொன்னார்.

நீரகப்பிரியன்:
இரண்டும் ஒன்றில்லை. அதைவிட முக்கியம், பேட்டரிக்காரர்களும் 5 நிமிடத்துக்காகத்தான் உயிரைவிடுகிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்படியானால் 5 நிமிடம் முக்கியம் என்று நான் சொன்னது சரி.

கணக்கன்:
பிஒய்டி பேச்சை எடுத்தது நானா? மௌனசாமி வாயைத் திறந்ததற்கு நான் பொறுப்பா? 5 நிமிடம் அவசியம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. உங்கள் 5 நிமிடம் 5 நிமிடமே இல்லை என்றுதான் ஆரம்பத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜெர்மனியில் 2018இல் ஹைட்ரஜன் ரயில் என்று ஆரவாரமாக விட்ட லோயர் சாக்ஸனி மாநிலம்கூட, அடுத்து வாங்குவது பேட்டரி ரயில்தான் என்று 2023இல் சொல்லிவிட்டது. ரயிலுக்குக் கால அட்டவணை உண்டு, நிலையமும் ஒரே இடத்தில். அங்கேயே கட்டுப்படியாகவில்லை.

நீரகப்பிரியன்:
ரயிலுக்கும் காருக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ராசா ஃபோர்க்லிஃப்ட் சொன்னபோது "அது தனிக் கதை", உங்களுக்கு வேண்டுமானால் ரயில் உதாரணமா?

மட்டுறுத்தர்:
தனிநபர் தாக்குதல் உள்ள இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்பை ஒட்டிப் பேசவும்.

கணக்கன்:
நீக்கியது இரண்டுமே என்னுடையது. "எக்செல் தாளில் குடித்தனம்" அப்படியே நிற்கிறது. அது தாக்குதல் இல்லையா, தாலாட்டா?

நீரகப்பிரியன்:
பதிவு போய்விட்டதும் மட்டுறுத்தர்மேல் பாய்கிறார். வாதம் தீர்ந்துபோனால் இப்படித்தான்.

கணக்கன்:
வாதம் நிறைய இருக்கிறது. திட எலக்ட்ரோலைட் பேட்டரி இழையில் "டொயோட்டா சொன்னால் சொன்ன தேதிக்கு வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினீர்களே. 2020களின் தொடக்கம் என்றார்கள், அப்புறம் 2027, 2028 என்று தள்ளிப்போட்டார்கள். எழுதி வைத்திருக்கிறேன். தேடி எடுத்து இங்கே ஒட்டுகிறேன், இருங்கள்.

நீரகப்பிரியன்:
ஒட்டுங்கள். கூடவே "வீட்டுக்கூரைக் காற்றாலைதான் எதிர்காலம்" என்று நீங்கள் எழுதியதையும் ஒட்டுங்கள். படம் பிடித்து வைத்திருக்கிறேன், அழித்துவிடலாம் என்று பார்க்காதீர்கள்.