மறு: கூடுதலாக மாட்டும் ரிவர்ஸ் லைட்டுக்கு என்ன சொல்?

> ஆக, 'துணைப் பின்னோக்கு விளக்கு' என்பதையே இறுதி செய்துவிடலாமா?

வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். பின்னோக்குவது என்றால் திரும்பிப் பார்ப்பது. பழைய நினைவுகளை அசைபோடும் கட்டுரைக்குத் தலைப்பாக வைக்கலாம், வண்டி பின்னால் நகர்வது அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. வண்டிக்குப் பின்னால் மாட்டும் கேமராவுக்கு வேண்டுமானால் எடுத்து வையுங்கள், கச்சிதமாக இருக்கும்.

இந்த இழையில் வந்த மற்ற சொற்களையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். 'பின்விளக்கு' ஏற்கெனவே டெயில் லைட்டுக்குப் போய்விட்டது. அது சிவப்பு, இரவு முழுக்க எரிவது. இங்கே நாம் பேசுவது கியர் ரிவர்ஸில் விழுந்தால் மட்டும் எரிகிற வெள்ளை விளக்கு. இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வேலை வேறு. 'பின்செல் விளக்கு' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒருவரைப் பின்செல்வது என்றால் அவர் பின்னாலேயே போவது, அதாவது முன்பக்கமாகத்தானே போகிறோம்? பின்வாங்குவது படையும் வாக்குக் கொடுத்தவரும் செய்கிற காரியம். 'எதிர்த்திசை விளக்கு' என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கணும் அம்மா, எங்கள் தண்டையார்பேட்டையில் ஒன்வேயில் எதிரே வருகிறவர்களுக்கு மாட்டிவிட வேண்டிய விளக்கு அது.

என் பரிந்துரை: பின்னெடு விளக்கு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் முடிந்து பிக்கப்புகள் ஐஸ் ஏற்ற நிற்கிற இடத்தில் போய்க் காது கொடுத்தால் போதும், இந்தச் சொல் அங்கே தயாராகக் கிடக்கிறது. "பின்னாடி எடு, எடு, எடு, லெஃப்ட்ல ஒடிச்சு எடு, இன்னும் கொஞ்சம்... ஓல்டான்!" அங்கே யாரும் 'செல்' என்பதில்லை, 'நகர்த்து' என்பதில்லை, 'நோக்கு' என்பதே இல்லை. வண்டியை எடுப்பதுதான். இலக்கணமும் இடிக்காது: குடிநீர், சுடுசோறு மாதிரி இதுவும் வினைத்தொகைதான், நேற்று எடுத்தாலும் நாளைக்கு எடுத்தாலும் அதே விளக்கு. ஒரு குறை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். வயரிங் கடை அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு 'பின்'னை எடு என்று காதில் விழுந்து, "இன்னா பின்னுபா, கப்ளர் பின்னா?" என்றார். எழுத்தில் இந்தக் குழப்பம் வராது, பேச்சில் அவர் எப்படியும் ரிவர்ஸ் லைட் என்றுதான் சொல்லப்போகிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நாம் சொல் தேடுவது கையேட்டுக்கும் பாடத்துக்கும்.

இப்போது கஷ்டமான பாதி. 'துணை'யா, 'கூடுதல்'ஆ? இதில் நாலு பேர் நாலு விதமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் யாரும் வயர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. எனக்கு அதுதான் தீர்ப்பு சொல்கிற இடமாகப் படுகிறது.

கம்பெனி விளக்கில் இருப்பது பெரும்பாலும் 21 வாட் பல்பு. 12 வோல்ட்டில் ஒன்றுக்கு 1.75 ஆம்பியர், இரண்டு இருந்தால் 3.5. அதே வயரில் இன்னும் இரண்டு 18 வாட் எல்.இ.டி.யை ஒட்டுப்போட்டால் மேலே 3 ஆம்பியர் ஏறும். ஏற்கெனவே மெல்லிசான வயர், கியர்பாக்ஸில் இருக்கிற சின்ன சுவிட்சு, பல வண்டிகளில் வேறு விளக்குகளும் தொங்குகிற ஒரு ஃப்யூஸ், இவை எல்லாவற்றின் தலையிலும் அந்தச் சுமை விழும். அதனால்தான் நடுவில் ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்சு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று ரிலேயின் அடியில் 30 என்று எண் போட்ட முனைக்கு. 87-லிருந்து புது விளக்குகளுக்கு. 85 பாடிக்கு, அதாவது வண்டியின் இரும்புத் தகட்டுக்கு. 86-க்கு மட்டும் பழைய ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து ஒரு கிளை. அந்தக் கிளையில் ஓடுவது 0.2 ஆம்பியர்கூட இருக்காது, ரிலே சுருளை இழுக்க அவ்வளவு போதும். (இந்த எண்கள் கடைக்காரர் வைத்தவை அல்ல, டிஐஎன் 72552 என்கிற ஜெர்மன் தரத்தில் வருபவை, அதனால்தான் பெரும்பாலான கம்பெனி ரிலேக்களின் அடியில் இதே எண்கள்.)

இப்படி இணைத்த விளக்கு, சாப்பாடு பேட்டரியில் சாப்பிட்டாலும் உத்தரவு பழைய விளக்கிடம்தான் வாங்குகிறது. பழையதற்குக் கரண்டு வராவிட்டால் இதுவும் எரியாது. தமிழில் துணைவினை என்கிறோமே, 'வந்துவிட்டான்' என்பதில் 'விடு' முதல் வினையை அண்டித்தானே நிற்கிறது? அதனால் இதற்குத் துணை சரி: துணைப் பின்னெடு விளக்கு. ஆனால் நிறைய பேர் டேஷ்போர்டில் தனி சுவிட்சு வைத்து, கியருக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் இணைத்துக்கொள்கிறார்கள், ராத்திரியில் சரக்கு இறக்க வசதி என்று. அது துணை விளக்கே இல்லை, பின்னெடு விளக்கும் இல்லை. அதற்கு 'இறக்கு விளக்கு' என்றோ 'வேலை விளக்கு' என்றோ தனிச் சொல் கொடுத்துவிடுவோம். அந்தச் சுவிட்சை அணைக்க மறந்து எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் பின்னால் வருகிற டிரெய்லர்காரர் கண் கூசிப்போவார், வண்டி பின்னால் வருகிறது என்று நினைத்து பிரேக்கும் அடிப்பார். எனவே இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது மொழிக் குற்றம் மட்டுமில்லை.

ரிலேக்கு 'ஏவி' என்று வந்த பரிந்துரை பற்றி. சின்ன கரண்டு பெரிய கரண்டை ஏவுகிறது, காரணப் பெயராக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் ஏவல் என்றால் அடுத்த சொல் பில்லி, அதற்கடுத்தது சூனியம். "அண்ணே, வண்டியில யாரோ ஏவி வச்சிருக்காங்க" என்று எந்த டிரைவராவது சொல்வதை நினைத்துப் பாருங்கள். 'ஏவாளி' என்றால் ஆதாம் வேறு வந்து நிற்பார். ரிலே இரண்டெழுத்து, தமிழ் வாய்க்கு ஒரு சிரமமும் இல்லை, அப்படியே இருக்கட்டும்.

எர்த்துக்கு (மேலே 85-ஐ இணைத்தோமே, அந்த இணைப்புக்கு) மட்டும் விடமாட்டேன். பள்ளிக்கூடப் புத்தகத்துப் 'புவி' இங்கே ஒத்துவராது. வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, புவியோடு அதற்கு மின் உறவே கிடையாது. பேட்டரியின் மைனஸ் பாடித் தகட்டோடு சேர்ந்திருக்கிறது, கரண்டு அதன் வழியாகத் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். பட்டறையில் 'பாடி' என்று மட்டும் சொல்வது புத்தகத்தை விடச் சரியான சொல். 'பாடி' ஆங்கிலமாயிற்றே என்று யாராவது வந்தால், மீன்பாடி வண்டியைக் காட்டுவேன். எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்காமல் வடசென்னை தெருவில் பிறந்த சொல் அது, குட்டி யானையும் அப்படித்தான். 'சிறு சரக்குந்து' என்று சொல்லி ஒரு வண்டி வாடகைக்குப் பிடித்துப் பாருங்கள்.

அந்தப் பாடி முனைதான் எங்கள் பக்கத்து வண்டிகளில் முதலில் படுத்துவதும். மீன் பெட்டியிலிருந்து உப்பும் ஐஸுமாக ஒழுகுகிற தண்ணீர், போதாததற்குக் கடற்காற்று. திருகாணிக்கு அடியில் துரு, செம்பு வயர் நுனியில் பச்சையாகக் களிம்பு, விளக்கு மினுக்மினுக் என்று எரியும், ஆள் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார். பெயிண்டைச் சுரண்டி, வயர் நுனியில் லக் (துளையுள்ள உலோக முனை) வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் தீரும். பதிவில் இதையும் ஒரு வரி சேர்க்கலாம், கலைச்சொல் பட்டியல் என்றாலும் படிக்கிறவர் வயரைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

பதிவுக்கான வரைவு:

பின்னெடு விளக்கு: வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் எரியும் வெள்ளை விளக்கு.

துணைப் பின்னெடு விளக்கு: பின்னெடு விளக்கின் வயரிலிருந்து ரிலே வழியாக உத்தரவு பெற்று, பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரத்தில் எரியும் கூடுதல் விளக்கு.

பாடி முனை: மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்ப, வயரை வண்டித் தகட்டில் முறுக்கும் இடம்.

மூன்றாவதற்கு மட்டும் இலங்கை நண்பர்கள் பட்டறையில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் மற்ற இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.