கறி முயலைப் படம் எடுத்தால் பூனை மாதிரி நீளமாக வருகிறது, ஏன்?

பாக்காப் முயல்காரன்:
வணக்கம். பினாங்கு பெருநிலத்தில், சுங்கை பாக்காப்பில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 14 நியூசிலாந்து வெள்ளை முயல் வளர்க்கிறேன். இனவிருத்திக்கு ஜோடியாக விற்கலாம் என்று போன வாரம் படம் போட்டேன். ஈப்போவிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டு, “தம்பி, இது முயலா, நனைந்த பூனையா?” என்று கேட்டுவிட்டார். ஆண் முயல் 4.4 கிலோ, கையில் தூக்கினால் கல் மாதிரி இருக்கிறது. படத்தில் மட்டும் எலும்பும் தோலுமாகத் தெரிகிறது. கைப்பேசியில்தான் எடுத்தேன். எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறிச்சட்டி:
மசாலா தடவி எடுங்கள், நிச்சயம் நன்றாக வரும். சும்மா சொன்னேன், கோபப்படாதீர்கள்.

செந்தூல் அக்கா:
தம்பி, நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். முயல் மேல் குற்றம் இல்லை. வழுக்கும் தரை ஓட்டில் நிற்க வைத்திருக்கிறீர்கள், அது நான்கு காலையும் பரப்பிப் பிடிமானம் தேடுகிறது. பின்னால் பூப்போட்ட பாத்தேக் கைலி வேறு. முயலின் முதுகு எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு காலத்தில் கோம்பாக் பக்கம் 40 முயல் வைத்திருந்தேன், இப்போது 6 தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அமெரிக்க முயல் வளர்ப்புச் சங்கமான ஆர்பா, முயல்களை ஐந்து உடல்வகையாகப் பிரிக்கிறது. நியூசிலாந்து வெள்ளை அதில் வணிக வகை, அதாவது கறிக்கு ஏற்ற உடல்வாகு. (பெயர்தான் நியூசிலாந்து, இனத்தை உருவாக்கியது அமெரிக்காவில்.) பக்கவாட்டில் பார்த்தால் முதுகுக்கோடு காதடியில் தொடங்கி, மெதுவாக ஏறி, இடுப்புக்கு மேல் உச்சிக்குப் போய், அங்கிருந்து வாலடி வரை உருண்டு இறங்க வேண்டும். பாதிப் பந்தைக் கவிழ்த்து வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் அது சப்பாத்திப் பலகை மாதிரி தட்டையாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் இழுத்து நீட்டியிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு கால்மிதி அல்லது பழைய கம்பளத் துண்டை மேசை மேல் விரியுங்கள். முயலை வைத்துவிட்டு, இடது உள்ளங்கையால் கண்ணை மூடி ஒரு நிமிடம் சும்மா இருங்கள். மூக்குத் துடிப்பு மெதுவாகும்போது வேலையைத் தொடங்கலாம். முன்பாதம் கண்ணுக்கு நேர் கீழே வர வேண்டும். பின்பாதத்தின் விரல்நுனி, தொடையின் முன்மடிப்பில் முட்டி தெரியும் இடத்துக்கு நேராக, குதிகால் முதல் விரல் வரை தரையில் படிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். முன்னால் இழுத்தால் தட்டை, பின்னால் தள்ளிக் குறுக்கினால் கூன். இரண்டுமே பொய்.

நான் இதைக் கற்றது அவமானப்பட்டுத்தான். குட்டைப் பெட்டை ஒன்று நீளமாகத் தெரியட்டும் என்று இழுத்து வைத்துப் படம் எடுத்தேன். வாங்க வந்தவர் மேசையில் வைத்து, தோளிலிருந்து வால் வரை உள்ளங்கையை ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் கூட குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அப்புறம், பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது. மேலிருந்து ஒன்று எடுங்கள்: தோளைவிடப் பின்பாகம் சற்று அகலமாக இருக்க வேண்டும். நேர் பின்னாலிருந்து ஒன்று: தொடை மேலே நிறைந்து கீழே உள்வாங்கியிருந்தால் குறை, கீழ்வரை நிறைந்து உருண்டிருந்தால் நல்லது. விவரம் தெரிந்தவர்கள் இந்தப் பின்படத்தைத்தான் முதலில் கேட்பார்கள், விற்பவர்கள் போடாததும் இதுதான். வயதையும் எடையையும் கூடவே எழுதுங்கள். மூன்று நான்கு மாதத்தில் குட்டிகள் கை கால் நீண்டு ஒரு மாதிரியாக இருக்கும், அந்த வயதுப் படத்தை வைத்து யாரும் முடிவு செய்ய முடியாது.

நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேசையில் உட்கார வைத்தால் முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். படத்துக்காக அதைப் பாடாய்ப் படுத்த வேண்டாம்.

பட்டர்வொர்த் மணி:
அக்கா சொன்னதற்கு மேல் கேமரா பக்கம் கொஞ்சம். நின்றபடி குனிந்து எடுக்காதீர்கள் தம்பி. கேமரா முயலின் விலா உயரத்துக்கு இறங்க வேண்டும், மண்டியிடுங்கள். கிட்டப் போனால் கைப்பேசி தலையைப் பெருக்கி இடுப்பைச் சுருக்கிவிடும். உங்கள் ‘பூனை’ பாதி அங்கேதான் பிறந்தது. இரண்டு மீட்டர் தள்ளி இருந்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். வெள்ளை முயல் என்பதால் திரையில் அதன் மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் முடியெல்லாம் ஒரே சுண்ணாம்பாகிவிடும். பின்னால் சாம்பல் நிறத் துணி போதும்.

என்னிடம் கலிஃபோர்னியன் இருக்கிறது. காதும் மூக்கும் கறுப்பாக இருக்க வேண்டிய இனம், இந்தச் சூட்டில் பழுப்பாகிவிடுகிறது. அந்த நிறம் குளிரில்தான் அடர்த்தியாக வரும். படத்தைப் பார்த்து “கலப்பு” என்கிறார்கள். உடம்பைப் பாருங்கள் என்று சொல்லி அலுத்துவிட்டேன்.

பாக்காப் முயல்காரன்:
அக்கா, மணி அண்ணே, நன்றி. இன்று காலை ஏழரை மணிக்கு அம்மாவின் கால்மிதியை எடுத்து (திட்டு வாங்கினேன்) எல்லா முயலையும் படம் எடுத்தேன். நான் பெரிதாக நினைத்த அந்த 4.4 கிலோ ஆண் பக்கவாட்டில் சூப்பர். பின்னாலிருந்து பார்த்தால் தொடை கீழே கிள்ளி எடுத்த மாதிரி இருக்கிறது. கூண்டின் மூலையில் ஒதுங்கியே இருக்கும் ஒரு பெட்டை, 4.7 கிலோ, அது பின்னால் வாளி மாதிரி உருண்டை. இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

செந்தூல் அக்கா:
படத்தை நம்புவதற்கு முன் கையால் தடவிப் பாருங்கள். இடுப்பெலும்பு கூர்மையாகக் குத்துகிறதா?

பாக்காப் முயல்காரன்:
பார்த்தேன் அக்கா. ஆணுக்குக் குத்துகிறது. பெட்டைக்கு எலும்பையே தேட வேண்டியிருக்கிறது. ஆணை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன், பெட்டையை நானே வைத்துக்கொள்கிறேன். ஈப்போக்காரருக்கு இனி எதை அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.