விளக்கை அணைத்த பிறகும் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்து வந்து இரண்டு மாதமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, குளியலறையில் லைட்டை அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழுதாகிவிட்டதா? கதவுக்கு மேலே ஒரு சுவிட்ச் இருந்தது, அதை அணைத்துவிட்டேன். இப்போது சத்தம் இல்லை."

பழுது இல்லை தம்பி. அது டைமர் வைத்த ஃபேன், அப்படித்தான் ஓட வேண்டும். முதல் வேலையாக அந்தச் சுவிட்சை மறுபடியும் போட்டுவிடுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேராவது இதே காரியத்தைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து, "சுவரெல்லாம் கரும்புள்ளி, குழந்தைக்கு இருமல்" என்று அவர்களே வந்து நிற்கிறார்கள். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஊரில் நம் குளியலறைகளில் கண்ணாடிப் பட்டை வைத்த வென்டிலேட்டர் ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கும். நீராவி தானாகப் போய்விடும். இங்கே குளிர்காலத்தில் ஜன்னலை யாரும் திறப்பதில்லை, சுவரோ சில்லிட்டுக் கிடக்கிறது. பத்து நிமிடம் வெந்நீரில் குளித்தால், அந்த ஆவி முழுவதும் சில்லிட்ட சுவரில் நீராகப் படிகிறது. லைட்டை அணைத்துவிட்டு நாம் வெளியே வரும்போதுதான் அறையில் ஈரம் உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஃபேனும் நின்றுவிட்டால் ஈரம் போவதற்கு வழியே இல்லை. கட்டட விதிகளின் எஃப் பகுதி, விட்டுவிட்டு ஓடும் குளியலறை ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்கிறது. திறக்கக்கூடிய ஜன்னல் இல்லாத அறையானால், லைட்டை அணைத்த பிறகும் 15 நிமிடம் ஓட வேண்டும் என்பதே வழிகாட்டல். மின்கட்டணத்துக்காக நிறுத்துகிறேன் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 வாட் ஃபேன் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினாலும் ஆண்டு முழுமைக்கும் 7.3 யூனிட்தான்.

இனி வயரிங். இதைத் தெரிந்துகொள்வது நீங்களே செய்வதற்காக மட்டும் அல்ல. செய்ய வருகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவும், தூசி துடைக்கப் போய் உயிரை விடாமல் இருக்கவும் இது வேண்டும்.

சாதாரண ஃபேனுக்கு லைவ், நியூட்ரல் என இரண்டு வயர் போதும். டைமர் ஃபேனுக்கு மூன்று. ஒன்று நியூட்ரல். இரண்டாவது பெர்மனன்ட் லைவ்: லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும், மோட்டார் சுற்றுவது அதனால்தான். மூன்றாவது ஸ்விட்ச்டு லைவ்: லைட்டைப் போட்டால் கரண்ட் வரும், அணைத்தால் போகும். இது டைமருக்குச் செய்தி சொல்லும் வயர். "லைட் போட்டாயிற்று, ஓடு" என்கிறது. அது அடங்கியதும் டைமர் நிமிடங்களை எண்ணத் தொடங்கி, முடிந்ததும் மோட்டாரை நிறுத்துகிறது.

இந்த மூன்றும் பல வீடுகளில் குளியலறைக் கூரையில் இருக்கும் விளக்கின் இணைப்பிலேயே கிடைக்கும். அங்கிருந்து மூன்று வயரும் எர்த்தும் கொண்ட கேபிள் ஒன்று ஐசொலேட்டருக்குப் போகும், ஐசொலேட்டரிலிருந்து அதே போன்ற கேபிள் ஃபேனுக்கு. தம்பி அணைத்த, கதவுக்கு மேலே இருக்கும் சுவிட்ச்தான் அந்த ஐசொலேட்டர். அது மூன்று வயரையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் மூன்று துருவச் சுவிட்சாக இருக்க வேண்டும். ஃபேனைக் கழற்றும்போதும் துடைக்கும்போதும் அணைப்பதற்காக வைத்தது அது. தினமும் போட்டு அணைப்பதற்கு அல்ல. பெரும்பாலான ஃபேன்கள் இரட்டைக் காப்பு கொண்டவை, மூடியில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருக்கும். அவற்றுக்கு எர்த் தேவையில்லை. அதற்காகக் கேபிளில் வரும் எர்த்தை வெட்டி எறியக் கூடாது, தனி கனெக்டரில் முடித்து வைக்க வேண்டும்.

சில ஃபேன்களுடன் வரும் தாளில் 3 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லியிருப்பார்கள். பெர்மனன்ட் லைவுக்கு மட்டும் ஃபியூஸ் போட்டு, ஸ்விட்ச்டு லைவை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. லைட் சுவிட்சுக்கு முன்பே ஃபியூஸ் வந்தால் இரண்டு லைவும் அதன் வழியாகவே போகும்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் வயரின் நிறம். இந்தியாவில் கருப்பு என்றால் நியூட்ரல். இங்கேயும் பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல்தான். 2006 ஏப்ரல் முதல் புதிய வேலைகள் அனைத்திலும் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல் என்று ஆகிவிட்டது. மூன்று வயர் கேபிளிலோ பழுப்பு, கருப்பு, சாம்பல் என்று வருகிறது. பழுப்பைப் பெர்மனன்ட் லைவாகவும், கருப்பை ஸ்விட்ச்டு லைவாகவும், சாம்பலை நியூட்ரலாகவும் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். கருப்பின் முனையில் பழுப்பு உறையும் சாம்பலின் முனையில் நீல உறையும் மாட்ட வேண்டும். அதாவது, நாம் நியூட்ரல் என்று பிறந்தது முதல் அறிந்த கருப்பு, இங்கே உயிருள்ள வயர்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீடு வாங்கிய முதல் குளிர்காலத்தில், ஃபேன் மூடியில் பஞ்சு போலத் தூசி அடைத்திருந்தது. லைட்டை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினேன். மூன்று திருகுகளில் மூன்று வயர், எதிலும் உறை இல்லை. ஒரு திருகு தளர்ந்திருந்தது. கருப்பு வயர் லேசாக ஆடியது. கருப்புதானே, அதுவும் லைட் அணைந்திருக்கிறதே என்று விரலை வைக்கப் போனேன். கீழே நின்ற நண்பர், இங்கே மின்பணியாளர், என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தம் டெஸ்டரின் இரண்டு முள்ளையும் கருப்புக்கும் சாம்பலுக்கும் இடையே வைத்துக் காட்டினார்: 241 வோல்ட். முன்பு இணைத்தவர் கருப்பைப் பெர்மனன்ட் லைவாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்று நண்பர் பக்கத்தில் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே, நிறத்தை நம்பாதீர்கள். லைட் அணைந்திருப்பதையும் நம்பாதீர்கள். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நியான் டெஸ்டரையும் நம்பாதீர்கள். அது நம் உடல் வழியாகத் தரைக்குப் போகும் சிறு கரண்டில் எரிவது. உலர்ந்த மர ஏணியின் மேல் நின்றால் மங்கலாகவோ எரியாமலோ போகலாம், வயரில் கரண்ட் இருக்கும்போதே. இரண்டு முள் கொண்ட வோல்டேஜ் டெஸ்டர் வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் அந்த சர்க்யூட்டுக்கான எம்சிபி என்ற சுவிட்சை அணைத்து, வீட்டில் வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள். கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். பிறகு ஃபேனில் வைத்துப் பாருங்கள். பிறகு மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

கோளாறு இருந்தால் மூடியைத் திறக்காமலேயே ஓரளவு ஊகிக்கலாம். லைட்டை அணைத்த கணமே ஃபேன் நின்றால், இரண்டு லைவும் இடம் மாறியிருக்கலாம், அல்லது டைமருக்கென்று பெர்மனன்ட் லைவே கொண்டுவராமல் விட்டிருக்கலாம். லைட் எரிந்தும் ஃபேன் அசையவில்லை என்றால் முதலில் ஐசொலேட்டரைப் பாருங்கள், பிறகு ஸ்விட்ச்டு லைவைச் சந்தேகியுங்கள். புது ஃபேன் மாட்டிய பிறகு லைட் அணையவே மறுக்கிறதா? இரண்டு வயர் இணைப்புக்காக ஃபேனின் இரண்டு லைவ் முனைகளுக்கும் நடுவே போடும் சிறு இணைப்புக் கம்பியை எடுக்காமல் விட்டிருப்பார்கள். அதன் வழியாகப் பெர்மனன்ட் லைவ் லைட்டுக்குப் பாய்கிறது.

யார் செய்யலாம்? வாடகை வீடானால் வயரில் கை வைக்கவே வேண்டாம். அது உரிமையாளரின் பொறுப்பு. இங்கிலாந்தில் வாடகை வீட்டின் மின் அமைப்பைக் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அறிக்கையின் நகலை உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். கூச்சப்படாமல் கேளுங்கள். ஃபேன் ஓடவில்லை என்றால் போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள். தேதி போட்டு, படம் எடுத்து, மின்னஞ்சலில் எழுதுங்கள். பூஞ்சையைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சையால் இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே அவாப் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், கவுன்சில் போன்ற சமூக வீட்டுவசதி உரிமையாளர்கள் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

சொந்த வீடானால், பழைய ஃபேனைக் கழற்றி அதே இடத்தில் அதே போன்ற ஒன்றை மாட்டுவதற்குக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டியதில்லை. புதிதாகத் தனி சர்க்யூட் இழுத்தாலோ, தொட்டி அல்லது ஷவரை ஒட்டிய பகுதியில் வயரிங்கை மாற்றினாலோ கட்டட விதிகளின் பி (P) பகுதியின்படி அறிவிக்க வேண்டும். அந்தப் பகுதி என்பது தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை, தொட்டியின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் வரை. அதற்குள் வரும் ஃபேன் நீர்த் தெறிப்பைத் தாங்கும், குறைந்தது ஐபிஎக்ஸ்4 தரம் கொண்டிருக்க வேண்டும். ஷவருக்கு நேர் மேலே என்றால் 12 வோல்ட் ஃபேனை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரை அந்தப் பகுதிக்கு வெளியே வைப்பது நல்லது. குளியலறை சர்க்யூட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) பாதுகாப்பும் வேண்டும். என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற அமைப்புகளில் பதிவு பெற்ற மின்பணியாளர் என்றால் அறிவிப்பை அவரே பார்த்துக்கொள்வார், சான்றிதழும் கிடைக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், வீட்டை விற்கும்போது கேட்பார்கள்.

ஃபேனிலிருந்து காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வீட்டின் வெளிக்கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் நடுவே உள்ள பரணில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அறையின் ஈரம் அங்கே போய் மரத்தை நனைக்கும். குழாய் வீட்டுக்கு வெளியே முடிய வேண்டும், குளிரான பரண் வழியாகப் போனால் அதற்கு மேல் காப்புச் சுற்ற வேண்டும், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக, தம்பிக்கு. ஃபேன் ஓடும்போது ஒரு டிஷ்யூ தாளை அதன் முகத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நின்றால் இழுக்கிறது. விழுந்துவிட்டால், கதவை லேசாகத் திறந்து மறுபடியும் வையுங்கள். இப்போது ஒட்டுகிறதென்றால் கதவுக்கு அடியில் காற்று நுழைய இடமில்லை என்று பொருள். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், புதுக் கம்பளம் போட்டவர்கள் அதை அடைத்துவிடுவது வழக்கம். ஓடும் நேரம் அதிகமாகப் பட்டால், மூடிக்குள் டைமரைத் திருப்பும் ஒரு சிறு குமிழ் இருக்கிறது. அதை நீங்கள் தொடாமல், ஏஜென்ட்டிடம் சொல்லி 15 நிமிடத்துக்கு வைத்துத் தரச் சொல்லுங்கள்.