ஒமேனா விற்கும் பெண்களின் சேமிப்புப் பெட்டி: செயலிக்கு மாறச் சொல்லலாமா?

கேள்வி: கிசுமு கணக்காளர்

எல்லோருக்கும் வணக்கம். கென்யாவின் கிசுமு நகரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மாலையில் வீடு திரும்பும் வழியில், பழைய வலைகளைத் தரையில் விரித்து ஒமேனா காயவைக்கும் பெண்களோடு பேசிப் பேசிப் பழகிவிட்டது. ஒமேனா என்பது விக்டோரியா ஏரியில் கிடைக்கும், வெள்ளியாக மின்னும் பொடிமீன்.

அவர்களில் 22 பேர் சேர்ந்து ஒரு சாமா நடத்துகிறார்கள். நம் சீட்டுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன்தோறும் கூடுகிறார்கள். ஒரு பங்கு 100 ஷில்லிங். ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை போடலாம். கடனுக்கு மாதம் 10 சதவீதம் வட்டி. பணம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவிகளும் மூன்று பெண்களிடம். பெட்டியோ நான்காவது பெண்ணின் வீட்டில். டிசம்பரில் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் வந்தார். பெட்டியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் தங்கள் செயலியில் ஏற்றிவிடலாம், திருட்டுப் பயம் இல்லை, உடனடிக் கடனும் கிடைக்கும் என்றார். பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்கு அச்சம். அச்சத்துக்குக் காரணம் உண்டு. குழுவில் ஒருவர் சென்ற ஆண்டு மே மாதம் வேறொரு செயலியில் 3,000 ஷில்லிங் கடன் வாங்கினார். 30 நாளில் கட்ட முடியவில்லை. அவர் கைபேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போயிருக்கிறது: பிள்ளையின் ஆசிரியருக்கு, தேவாலயப் போதகருக்கு, மீன் வாங்கும் வாடிக்கையாளருக்கு. மூன்று ஞாயிறு அவர் தேவாலயத்துக்கே போகவில்லையாம். இதைச் சொல்லும்போது மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை.

"நீ கணக்குப் படித்தவள், நீயே சொல்" என்கிறார்கள். கணினிப் பதிவுதான் பாதுகாப்பு என்று நான் படித்த படிப்பு சொல்கிறது. ஆனால் அவர்கள் பெட்டி திறப்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். அதற்குப் பிறகு வாய் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: அக்ரா துணிக்கடை

அம்மா, நான் கானாவில் அக்ராவில் சிறு துணிக்கடை வைத்திருக்கிறேன். இங்கே சூசூ என்ற முறை உண்டு. வசூலிப்பவர் தினமும் கடைக்கு வருவார், ஒரே தொகையை வாங்கிக்கொண்டு அட்டையில் குறித்துத் தருவார். மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். வட்டி எதுவும் கிடையாது. பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு மக்கள் கூலி கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் பக்கத்துக் கடைப் பெண்மணியின் ஒரு மாதச் சேமிப்பை ஒரு வசூல்காரர் எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டார். அவர் ஒருவரிடம் மட்டுமே கணக்கு இருந்தது. அதனால் பலர் பார்க்கத் திறக்கும் உங்கள் பெட்டி என் கண்ணுக்கு எவ்வளவோ மேல்.

இன்னொன்று. கைபேசிப் பணத்தின் செலவு நம் கையில் இல்லை. கானா அரசு 2022 மே மாதம் மின்பணப் பரிமாற்றத்துக்கு 1.5 சதவீத வரி போட்டது. 2023இல் 1 சதவீதமாகக் குறைத்து, 2025இல்தான் நீக்கியது. அந்த நாட்களில் என் வாடிக்கையாளர்கள் பலர் கைபேசியை ஒதுக்கிவிட்டு நோட்டுகளோடு வந்தார்கள்.

பதில் 2: மூன்று சாவி

சகோதரி, "மே மாதம் கடன் வாங்கினார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேயே நின்றுவிட்டது. இதே ஏரிக்கரையில் உள்ள ஹோமா பே பக்கம் எட்டு ஆண்டுகள் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்தவன் நான்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒமேனா பிடிக்கத் தடை. அந்தப் பெண்ணுக்கு மே மாதத்தில் வருமானம் எங்கிருந்து வரும்? மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் மீன் கிடைப்பதில்லை. ஒமேனாவை இருட்டில் விளக்கு காட்டித்தான் பிடிக்கிறார்கள். நிலா காயும் இரவில் மீன் விளக்கைத் தேடி வராது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் படகுகள் கரையிலேயே கிடக்கும். மழை பிடித்துக்கொண்டால் காய்ந்தும் காயாததுமான மீன் கோழித் தீவனத்துக்குத்தான் போகும், அதுவும் வாங்குபவர் கேட்ட விலைக்கு. 30 நாள் தவணைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கென்ய அரசின் கடன் திட்டமான ஹஸ்லர் நிதி ஆண்டுக்கு 8 சதவீதம்தான் வாங்குகிறது, கடனில் 5 சதவீதத்தைச் சேமிப்பாகவும் எடுத்து வைக்கிறது. ஆனாலும் தனிநபர் கடனை 14 நாளில் கட்ட வேண்டும். தேய்பிறையில் வாங்கினால் சமாளிக்கலாம். வளர்பிறையில் வாங்கினால் சிக்கல்.

ஆகவே பெட்டியா செயலியா என்று கேட்பதற்கு முன், உங்கள் குழுவின் ஆண்டு எந்த மாதத்தில் முடிகிறது என்று கேளுங்கள். டிசம்பரில் பிரித்தால் பெட்டி காலி. ஜனவரியில் பள்ளிக் கட்டணம் இருந்ததை விழுங்கிவிடும். பெட்டி மெல்ல நிரம்பத் தொடங்கும்போது தடைக்காலம் வந்துவிடும். கை காயும் நேரத்தில் பெட்டியும் காய்ந்திருக்கிறது. அதனால்தான் அவர் செயலியிடம் போனார். நான் பார்த்த ஒரு குழு பங்கு பிரிப்பதை மார்ச் கடைசி வாரத்துக்கு மாற்றியது. முதலில் பெரிய சண்டை, "கிறிஸ்துமசுக்கு என்ன செய்வது?" என்று. ஜனவரியில் நிரம்பிய பெட்டியிலிருந்து பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கொடுத்தார்கள், மார்ச்சுக்குள் வசூலானது. பிரித்த பணத்தில் சிலர் உலர்ந்த ஒமேனாவை மூட்டையாக வாங்கி வைத்து, வரத்து நின்ற பிறகு நல்ல விலைக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு சண்டை எழவில்லை.

வட்டிக் கணக்கையும் அவர்களுக்கு விளக்குங்கள். 3,000 ஷில்லிங்குக்கு உங்கள் பெட்டி மாதம் 300 வாங்குகிறது. எம்-ஷ்வாரி என்ற கைபேசிக் கடன் சேவை 2012இல் தொடங்கியபோது 30 நாளுக்கு 7.5 சதவீதம் கட்டணம், அதாவது 225. பார்த்தால் கைபேசிக் கடன் மலிவு. ஆனால் அந்த 225 ஊரை விட்டுப் போய்விடும். உங்கள் 300 பெட்டிக்குள் விழுந்து, ஆண்டு முடிவில் கடன் வாங்கியவருக்கும் பங்குக்கு ஏற்ப ஒரு பகுதியாகத் திரும்பி வரும்.

பெட்டி திறப்பதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டைத் தொடும் முன்பே "போன வாரம் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டு, எல்லோரும் வாய்விட்டுத் தொகையைச் சொல்லியிருப்பார்களே! பிறகு இருவர் தட்டில் கொட்டி எண்ணி, அதே தொகை வந்ததும் ஒரு முணுமுணுப்பு எழும். எட்டு ஆண்டுகளில் எத்தனையோ முறை கேட்டும் எனக்கு அது அலுக்கவில்லை. 1991இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு அமைப்பு இந்தச் சேமிப்புக் குழு முறையைத் தொடங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக எல்லாக் கணக்கையும் நினைவிலேயே வைக்கப் பழக்கினார்கள். செயலிக்கு மாறினால் கணக்கு ஒரு திரைக்குள் போய்விடும். திரை நல்ல கைபேசி வைத்திருக்கும் இரண்டு பேர் கையில் போய்விடும். 22 பேரும் எண்ணுவது நின்றுபோகும்.

கைபேசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை 2007இல் வந்த பிறகு, சந்தையிலிருந்து இருட்டில் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு வரும் அவலம் தீர்ந்தது. அதற்கு வைத்துக்கொள்ளட்டும். ஊருக்குப் போன உறுப்பினர் தன் பங்கை அனுப்பட்டும். பங்கு பிரிப்பதற்கு முந்தைய வாரங்களில் பெட்டி கனத்துவிடும்; அப்போது மூவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கில் மிகுதியைப் போடலாம்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்: கடனாளியை மிரட்டுவதையும் அவர் கைபேசியில் உள்ள எண்களுக்கு அழைத்து அவமானப்படுத்துவதையும் கென்ய மத்திய வங்கியின் 2022 விதிகள் தடுக்கின்றன. தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம். புதிதாக வந்திருக்கும் இளைஞரின் நிறுவனம் மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. இந்த ஏரிக்கரையில் ஜபோயா என்றொரு வழக்கம் உண்டு. முதல் இல்லாத பெண், மீன் கிடைப்பதற்காகப் படகுக்காரரின் ஆசைக்கு உடம்பால் இணங்கிப் போக நேர்வது. மீனுக்குக் காசு கொடுத்து வாங்க 3,000 ஷில்லிங் இருந்தால் அவள் யார் முன்னும் அப்படி நிற்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

கிசுமு கணக்காளர்

அண்ணா, இரண்டு முறை படித்தேன். நான்கு ஆண்டுகளாக அந்தக் கரையில் நடக்கிறேன். நிலாவுக்கும் தவணைக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை கூட்டத்துக்குப் பெரிய காகிதத்தில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, வரவு செலவைக் குறித்து எடுத்துச் செல்லப்போகிறேன். ஒரு சந்தேகம். பெட்டி இருக்கும் வீட்டிலேயே சாவி வைத்திருக்கும் ஒருவரும் இருக்கிறார், மாமியாரும் மருமகளும். இதுவரை தொல்லை ஏதும் இல்லை. அப்படியே விடலாமா?

மூன்று சாவி

விட வேண்டாம். நாளை இருபது ஷில்லிங் குறைந்தாலும் ஊர் அந்த வீட்டைத்தான் பார்க்கும். அந்த இருவரின் நலனுக்காகவே சாவியை இந்த வியாழனே கைமாற்றச் சொல்லுங்கள். காகிதத்தில் மாதங்களை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள், வரவு செலவை நீங்கள் குறிக்காதீர்கள். கையளவு கூழாங்கற்களைக் கொடுத்து, பணம் புழங்கும் மாதத்தில் நிறையவும் முடை மாதத்தில் குறைவாகவும் அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் எத்தனை கல் வைத்தார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.