கலைச்சொல் இழை: 'ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச்' தமிழில் யார்?

வெண்ணி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். தொழில்முறைக் கால்பந்து பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர்களின் உடல்வலுவையும் ஓட்டத்திறனையும் கவனித்துக்கொள்ளும் 'ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச்' பத்திக்குப் பத்தி வருகிறார். நாளிதழ்கள் 'உடற்தகுதிப் பயிற்சியாளர்' என்று எழுதுகின்றன. அதையே போட்டுவிடலாம்தான். ஆனால் அதே கட்டுரையில் பிட்னெஸ் டெஸ்ட் வருகிறது, மேட்ச் பிட்னெஸ் வருகிறது, பிசியோவும் வருகிறார். எல்லாவற்றுக்கும் 'உடற்தகுதி' என்று எழுதினால் யார் என்ன செய்கிறார் என்றே வாசகருக்குப் புரியாது. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். கைகொடுங்கள்.

பழையனூரான் எழுதியது:

அம்மா வெண்ணி, இதற்கு ஏன் தடுமாற்றம்? 'உரன்' என்ற அருமையான பழஞ்சொல் கையில் இருக்கிறது. உடல் வலிமை, மன உறுதி இரண்டையும் தாங்கும். 'உரனூட்டுநர்' என்று எழுதுங்கள். சுருக்கமாகவும் இருக்கிறது, தமிழாகவும் இருக்கிறது.

மருதன் எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும். உரனூட்டுநர் என்று படித்ததும் எங்கள் ஊர் உழவர் யூரியா மூட்டையைத்தான் நினைப்பார். விளையாட்டுக்குச் சொன்னேன். எனக்கு உண்மையான தயக்கம் வேறு. சொல்லைத் தேடுவதற்கு முன் ஆளைப் பார்த்துவிடுவோம்.

இந்த ஆளை ஊடகம் நமக்குக் காட்டும் விதமே கோணல். 2022 ஜூலையில் இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் அணி சியோலில் பயிற்சி எடுத்தபோது ஹாரி கேன் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார், சன் ஹியூங்-மின் புல்லில் சரிந்தார். ஓடவிட்டவர் ஜான் பியரோ வென்ட்ரோனே. அவருக்குப் பட்டப்பெயர் 'மரைன்'. ரியல் மாட்ரிட்டின் அன்டோனியோ பின்டுஸுக்குப் பட்டப்பெயர் 'சார்ஜன்ட்'. இப்படியே படித்துப் படித்து, விசில் ஊதி ஆளை வதைப்பவர் என்ற எண்ணம் மனதில் ஏறிவிட்டது. பி.டி. வாத்தியாரிடம் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடியவர்களுக்கு அது இன்னும் சுலபமாக ஏறும். உரனூட்டுநர், வலுவூட்டுநர் எல்லாம் அந்த எண்ணத்துக்குத்தான் நெய் ஊற்றும்.

உண்மையில் இவருடைய வேலையில் பாதி, ஆட்டக்காரரை ஓடவிடாமல் நிறுத்துவது.

சனிக்கிழமை ஆட்டம் என்று வையுங்கள். ஞாயிறன்று, 90 நிமிடமும் ஆடியவருக்குச் சும்மா மிதிவண்டி, கொஞ்சம் கைகால் நீட்டல். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கோ அன்றுதான் கடும் ஓட்டம். ஆட்டம் கொடுக்காத சுமையைப் பயிற்சி கொடுத்தாக வேண்டுமே. செவ்வாய், புதனில் சுமை உச்சத்துக்குப் போகும். ஒரு நாள் பளுவும், நாலுக்கு நாலு பேராகச் சின்னக் களத்தில் நின்று திரும்பி முட்டி மோதும் ஆட்டமும். அடுத்த நாள் பெரிய களம், நீண்ட ஓட்டங்கள், அவற்றில் சில முழுவேகத்தில். முழுவேகத்தையே தொடாமல் வாரத்தை ஓட்டினால் சனிக்கிழமை தொடை பழிவாங்கும். வெள்ளியன்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. நடுவாரத்தில் இன்னொரு போட்டி விழுந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் கலைந்து, ஆடுவது, ஆறுவது, ஆடுவது என்று ஆகிவிடும்.

தோள்பட்டைகளுக்கு நடுவில் செருகிய ஜி.பி.எஸ். கருவி எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கும். போட்டியிலும் அதை அணிய 2015 முதல் விதி இடம் தருகிறது. ஒருவர் ஆட்டத்துக்கு 10, 11 கிலோமீட்டர் ஓடினார் என்று தொலைக்காட்சி வியக்கும். இவர் அதைப் பார்ப்பதில்லை. அதில் முழுவேகத்தில் போன சில நூறு மீட்டரைத்தான் பார்ப்பார். தொடை கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

அந்தத் தொடையையே எடுத்துக்கொள்கிறேன். நார்டிக் பயிற்சி என்று ஒன்று. முழங்காலிட்டு நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் கணுக்கால் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். தலையிலிருந்து முழங்கால் வரை உடல் ஒரே கோடாக இருக்க, மெல்ல முன்னால் சாய வேண்டும். விழாமல் இழுத்துப் பிடிப்பது தொடையின் பின்தசை. நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது, வேக ஓட்டத்தில் அதற்கு வரும் சோதனையும் அதுதான். பாதி வழியில் தசை கைவிடும், உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு விழுவார். கருவி வேண்டாம், காசு வேண்டாம்.

டென்மார்க்கில் 50 அணிகள், 942 ஆட்டக்காரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011இல் வந்தது. இதைச் செய்த தரப்பில் தொடைப் பின்தசைக் காயம் 15, செய்யாத தரப்பில் 52. அடுத்த நாளே உலகம் முழுக்கச் செய்யத் தொடங்கியிருக்க வேண்டும், இல்லையா? 2015இல் வந்த இன்னோர் ஆய்வுக்காக ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் அணிகளையும் நார்வே முதல்நிலை லீக் அணிகளையும் கேட்டுப் பார்த்தார்கள். ஓர் அணியின் ஒரு பருவத்தை ஒன்றாக எண்ணினால் மொத்தம் 150. முழுமையாகச் செய்தவை 16. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ நடத்தும் காய ஆய்வில், மொத்தக் காயங்களில் தொடைப் பின்தசையின் பங்கு 2001-02 பருவத்தில் 12 விழுக்காடு, 2021-22இல் 24.

மருந்து தெரியும், குடிக்கத்தான் ஆளில்லை. ஏன்? முதல் சில வாரம் தொடை கடுமையாக வலிக்கும். ஆட்டக்காரர் முனகுவார். நட்சத்திரம் என்றால் முனகலுக்கு மதிப்பும் அதிகம். மேலாளர் 'மூன்று நாளில் ஆட்டம் இருக்கிறது, இப்போது எதற்கு?' என்பார். அந்த இடத்தில் வாயைத் திறக்கத் தெரிந்தவர்தான் நாம் பெயர் தேடும் ஆள். இந்தப் பயிற்சியை எந்த நாளில் எத்தனை முறை செருகினால் சனிக்கிழமை கால் இலேசாக இருக்கும் என்று கணக்குப் போடுவார். 'இன்று இவரை அரை மணியில் அனுப்பிவிடுங்கள்' என்று மேலாளரிடம் சொல்லி, சொன்னதை நடத்தியும் காட்டுவார். இவருக்குக் கொடுக்கும் சம்பளம் உடலறிவியலுக்கு மட்டுமல்ல, இந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான். லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீகை வென்ற 2015-16 பருவத்தில் லீகில் களமிறக்கியது 23 பேரை மட்டும். மேலாளர் ரனியேரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார். ஐரோப்பியப் போட்டிகள் இல்லாததும் அவர்களுக்கு உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இத்தாலியர் 'ப்ரெபராத்தோரே அத்லெத்திகோ' என்பார்கள், ஸ்பானியர் 'ப்ரெபரதோர் ஃபிசிகோ'. இரண்டிலும் 'வலிமை' என்ற சொல்லே கிடையாது. ஆயத்தப்படுத்துபவர், அவ்வளவுதான். நாமும் ஆங்கிலத்தின் இரண்டு சொல்லுக்கு இரண்டு சொல் கட்டி 'வலிமை மற்றும் தகவமைப்புப் பயிற்சியாளர்' என்று மாட்டு வண்டி நீளத்துக்கு எழுத வேண்டியதில்லை. 'உடற்தகுதி' தேர்வில் தேறுவதைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. அதை அந்த வேலைக்கே விட்டுவிடுவோம்.

என் முன்மொழிவு: உடற்பதப் பயிற்றுநர். பதம் என்றால் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் காரியத்துக்கு உகந்த நிலை. அது தானாக வராது, ஆள் பார்த்துக் கொண்டுவர வேண்டும், விட்டால் தவறும். 'பதம் தப்பிவிட்டது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இந்த ஆளின் முழு வேலையும் அந்தச் சொல்லில் இருக்கிறது. இந்திய கிரிக்கெட் அணி 2011 உலகக் கோப்பையை வென்றபோது இந்தப் பொறுப்பில் இருந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர். பின்னால் வந்த பாசு சங்கரும் சென்னைக்காரர். சொல் அப்போதே பிறந்திருக்க வேண்டும்.

பனைமுனை எழுதியது:

மருதன் அண்ணா, வாசிக்க நல்லாயிருந்தது. ஆனால் எங்கட பக்கம் 'பதப்படுத்தல்' எண்டால் டின் மீன்தான் ஞாபகம் வரும். 'உடற்பதம்' எண்டு மட்டும் நிப்பாட்டினால் தப்பலாம், 'உடலைப் பதப்படுத்துபவர்' எண்டு எவரும் விரித்து எழுதாமல் பாருங்கோ. இன்னொன்று: இலங்கையில் உதைபந்தாட்டச் செய்திகளில் 'பயிற்றுவிப்பாளர்'தான். பிட்னெஸுக்கு 'உடற்தகைமை' எண்ட சொல்லும் எங்களிட்ட இருக்கு. பொதுச்சொல் தேடுகிறீர்கள் எண்டால் இரண்டையும் கணக்கில எடுங்கோ.

கரிகாலன் தெரு எழுதியது:

இரண்டு சொல்கிறேன். ஒன்று, விளையாட்டுப் பக்கத்தில் 'பதம்' ஏற்கெனவே வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. 'பவுன்சர் தலையைப் பதம் பார்த்தது' என்று எத்தனை தலைப்பு வந்திருக்கும்! காயத்தைத் தடுக்க வந்தவருக்குக் காயத்தின் பெயரையே சூட்டுகிறீர்கள்.

இரண்டு, இப்படித் தனியாக ஓர் ஆள் வேண்டுமா என்பதே கேள்வி. போர்த்துகலில் விட்டோர் ஃப்ராதே என்ற பயிற்சிக் கோட்பாட்டாளரின் வழி வந்தவர்கள் உடற்பயிற்சியை ஆட்டத்திலிருந்து பிரிக்கவே கூடாது என்கிறார்கள். மேலாளர் மொரீனியோ அந்த வழியில் வந்துதான் 2004இல் போர்ட்டோவுக்கு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தார். பந்தில்லாமல் ஓடவிடுவது அவர்களுக்கு வீண் வேலை. அங்கே உங்கள் உடற்பதக்காரருக்கு நாற்காலி எங்கே?

மருதன் எழுதியது:

'பதம் பார்த்தது' சரியான அடி. ஆனால் அங்கே வினை 'பார்த்தல்', இங்கே பெயர்ச்சொல் மட்டும். குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். பனைமுனையின் டின் மீன் எச்சரிக்கையை அப்படியே ஏற்கிறேன், வினையாக்க வேண்டாம்.

மொரீனியோ பற்றி: அவர் கூடவே பல ஆண்டுகள் இருந்த ரூயி ஃபாரியா யார்? உடற்பதம் பார்த்தவர்தானே. நாற்காலி இருந்தது, பந்துக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. எத்தனை பேர், எவ்வளவு பெரிய களம், எத்தனை நிமிடம், நடுவில் எவ்வளவு ஓய்வு என்று மாற்றினாலே அதே பந்தாட்டம் வேறு உடற்சுமையாகிவிடுகிறது. அதை அளந்து வைப்பவரும் நம்மாள்தான்.

2002 தென்கொரியாவைப் பாருங்கள். முந்தைய ஆண்டு ஃபிரான்சிடமும் செக் அணியிடமும் 0-5, 0-5. அணியின் மேலாளர் ஹிடிங்குக்கு 'ஐந்துக்குப் பூச்சியம்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. கொரியர்களுக்கு ஓட்டம் இருக்கிறது, நுட்பம்தான் குறை என்று உள்ளூரில் நம்பினார்கள். ஹிடிங்க் தலைகீழாகச் சொன்னார். உடற்பதம் பார்க்க நெதர்லாந்திலிருந்து ரேமண்ட் ஃபெர்ஹையன் வந்தார். நீண்ட முகாம். உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக 88ஆவது நிமிடத்தில் சமன், 117ஆவது நிமிடத்தில் தங்க கோல், அதாவது கூடுதல் நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோல். நான்கு நாள் கழித்து ஸ்பெயினுடன் 120 நிமிடம், பிறகு பெனால்டி. இத்தாலியின் டோட்டி வெளியேற்றப்பட்டதையும் நடுவர் மீதான புகார்களையும் நான் மறைக்கவில்லை, அவற்றையெல்லாம் உடற்பதத்தின் கணக்கில் எழுத முடியாது. அதுபோலத்தான் 2022 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ரியல் மாட்ரிட்டின் ரோட்ரிகோ கடைசி நிமிடங்களில் அடித்த இரண்டு கோலும். பின்டுஸைக் கொண்டாடினார்கள். கோல் அடித்தது ரோட்ரிகோ. அந்த நேரத்திலும் பெனால்டி பெட்டிக்குள் ஓடி வர அவருக்குக் காலில் தெம்பு இருந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

வெண்ணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் முதல் முறை வரும்போது 'ஆட்டக்காரர்களின் உடலைப் போட்டிக்குப் பதமாக வைத்திருக்கும் உடற்பதப் பயிற்சியாளர்' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு 'உடற்பதப் பயிற்சியாளர்' என்றே போகிறேன். தேர்வு வரும் இடத்தில் உடற்தகுதி. மேட்ச் பிட்னெஸுக்கு 'ஆட்டத்தகுதி'. பனைமுனை, உடற்தகைமையை இந்த முறை சேர்க்க முடியவில்லை, ஆசிரியர் இரண்டு சொல்லை ஒரே பக்கத்தில் விடமாட்டார். 'லோட் மேனேஜ்மென்ட்'டுக்குச் 'சுமைக் கணிப்பு' என்று வைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

பழையனூரான் எழுதியது:

பதம் நல்ல சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியாளர் என்றால் பயிற்சி பெறுபவர் என்றும் ஆகும் என்று இந்தக் குழுவில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்? 'பயிற்றுநர்' என்று திருத்தாவிட்டால் நன்றியுரையில் என் பெயரைப் போடாதே அம்மா.