வேட்டையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்

கணக்குப்பிள்ளை:

வேட்டை சரியா தப்பா என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. அதனால் அதைக் கேட்கவில்லை. வேட்டை நடக்கும் இடத்தில் வேலை பார்த்தவர்கள், கூடப் போனவர்கள், அதில் சம்பாதித்தவர்கள், நஷ்டப்பட்டவர்கள், கண்ணால் கண்டதை எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

நமீபியாவில் ஒரு வேட்டைச் சுற்றுலா நிறுவனத்தில் கணக்கு பார்த்தேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொட்டதெல்லாம் ரசீதுதான். வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று நாள் கட்டணம்: தங்குமிடம், வண்டி, வழிகாட்டி, தடம் பார்ப்பவர் எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று சுடும் விலங்குக்கான கட்டணம், விலங்குக்கு விலங்கு மாறும். பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: காயம்பட்ட விலங்கு கிடைக்காமல் போனாலும் முழுக் கட்டணம் உண்டு. அந்தத் தொழிலில் பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் விதிதான். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் போதும், விலங்கு விற்ற கணக்கு. படித்தவுடன் பணத்தாசை என்றுதான் தோன்றும். ஆனால் தூரத்தில் நின்று குத்துமதிப்பாகச் சுட நினைக்கும் ஆளை அடக்கியதும் அந்த வரிதான். வழிகாட்டி எவ்வளவு சொல்லியும் காதில் வாங்காதவர், இந்த வரியை ஞாபகப்படுத்தினால் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா" என்று கேட்பாராம். தடம் பார்ப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பணம் எங்கே போகிறது என்பதுதான் பெரிய விஷயம். வெள்ளையர் பண்ணைகளுக்கு அவர்கள் நிலத்தில் திரியும் விலங்கின் மேல் 1970களிலேயே உரிமை இருந்தது. பொது நிலத்தில் வாழும் கறுப்பின மக்களுக்கு அது கிடைத்தது 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான். ஒரு பகுதி மக்கள் சேர்ந்து எல்லை வகுத்து, நிர்வாகக் குழு அமைத்துப் பதிவு செய்தால், அங்குள்ள விலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கு. 1998இல் முதல் நான்கு பகுதிகள் பதிவாயின, இன்று 86 இருக்கின்றன.

யானை விழுந்த அன்று அப்படி ஒரு பகுதிக்குக் கணக்கெழுதப் போயிருந்தேன். சுட்டவருக்குத் தந்தமும் தோலும், இறைச்சி முழுக்க ஊர்க்காரர்களுக்கு. கழுதை வண்டியில், தள்ளுவண்டியில், தலையில் அலுமினியப் பேசினோடு எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தார்கள். குழுவின் எழுத்தர் வீட்டுப் பட்டியலை வைத்துப் பெயர் பெயராக அழைத்தார். வரிசையில் சண்டை, எடையில் சண்டை, அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீடா இரண்டு வீடா என்று சண்டை. சாயங்காலம் பார்த்தால் முள்வேலி முழுக்க இறைச்சி நாடா நாடாகத் தொங்குகிறது. சுட்ட மனிதர் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ரொக்கமாக வீட்டுக்கு வீடு பிரித்தால் கைக்கு வருவது சொற்பம். அதை மறைத்துப் பேசும் சுற்றுலாத் தரகர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். உருப்படியாக நடந்தது, அந்தப் பணத்தில் ஊர்க்காரர்களையே காவலர்களாக வைத்துச் சம்பளம் கொடுத்தது. கள்ள வேட்டைக்காரன் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும், சில சமயம் மாமன் மச்சானாகவே இருப்பான்.

இன்னொன்று. நமீபியா என்றாலே 2014இல் டாலஸ் நகரத்தில் கறுப்பு காண்டாமிருக வேட்டை அனுமதி 3,50,000 டாலருக்கு ஏலம் போனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து என்று 2004இல் சர்வதேச அனுமதி கிடைத்தது. இனப்பெருக்கக் காலம் தாண்டி மற்றவற்றோடு மோதிக்கொண்டு திரியும் கிழட்டு ஆண்களைத்தான் அதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். தலைப்புச் செய்திக்கு அது சரி. எங்கள் ரசீதுப் புத்தகத்தை ஓட்டியது ஓரிக்ஸ், குடு என்ற மான் வகைகள்தான்.

பனிக்காடு:

நான் இருப்பது நார்வே. இங்கே வேட்டை பணக்கார விருந்தாளி விவகாரம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் விவகாரம். செப்டம்பர் 25 வந்தால் அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி, மூஸ் மான் வேட்டை தொடங்கிவிடும். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 30,000 மூஸ் சுடுகிறார்கள். எந்த இடத்தில் எத்தனை, அதில் கன்று எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று உள்ளாட்சி ஒதுக்கிக் கொடுக்கும். சுடுகிறவர் முதலில் வேட்டைத் தேர்வில் தேற வேண்டும். அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் பயிற்சிக்கு 30 தோட்டா சுட்டுவிட்டு, 100 மீட்டரில் ஐந்து குண்டும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுகிறது என்று காட்ட வேண்டும். எனக்கு அதெல்லாம் வேண்டாம். குழுவில் ஆள் குறைவாக இருக்கும்போது காட்டோரம் வாக்கி டாக்கியோடு நிற்பேன், சுமை தூக்குவேன், பங்கு கிடைக்கும்.

ஒரு நாள் குழுவின் பெரியவர் பக்கத்தில் நின்றேன். சதுப்பு நிலத்தின் விளிம்பில் பெண் மூஸ் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. எனக்கே தெரிகிறது, இதைவிட நல்ல வாய்ப்பு வராது. அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டு அப்படியே இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்துப் புதருக்குள் இருந்து செம்பழுப்பு நிறத்தில் கன்று வந்தது. தாயைச் சுட்டிருந்தால் அது குளிர்காலம் தாண்டுவது கஷ்டம். அதனால் இங்கே எழுதாத சட்டம், இரண்டும் நின்றால் முதலில் கன்று, பிறகுதான் தாய். எனக்கு இது தொண்டையில் சிக்கியது. குட்டியை விட்டுவிட வேண்டும் என்றுதானே மனசு சொல்லும்? காடு அந்த மனசை மதிப்பதில்லை. கன்று மரத்துக்குப் பின்னால் போய்விட்டதால் அன்று அவர் எதையுமே சுடவில்லை.

காயம்பட்டு ஓடியதையும் பார்த்திருக்கிறேன். சுட்டவுடன் யாரும் பின்னால் ஓடக் கூடாது. சுட்ட இடத்துக்குப் போய்க் குனிந்து பார்ப்பார்கள். ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாகத் தழைக்கூழ் கலந்திருந்தால் வயிறு. அதுதான் மோசம், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், உடனே துரத்தினால் அது மைல் கணக்கில் போய்விடும். எங்களுக்குக் கிடைத்தது பச்சை. தடம் பிடிக்கப் பழக்கிய நாய் ஒன்று ஏற்பாடு செய்யாமல் பெரிய விலங்கு வேட்டைக்கே போக முடியாது. அந்த நாய் கயிற்றில் இழுத்துக்கொண்டு போய் ஒரு ஃபிர் மரத்தடியில் காட்டியது. மூஸ் உயிரோடு படுத்திருந்தது. முடித்து வைத்தார்கள். சுட்ட இளைஞன் தன் பங்கை வாங்காமல் போனான், பெரியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துத் திட்டிவிட்டு வந்தார்.

வேட்டை நின்றால் என்ன ஆகும் என்று கேட்டால், மூஸ் பெருகிப் பைன் கன்றுகளை மொட்டையடித்துவிடும், கார்களும் ரயில்களும் இன்னும் அதிகம் மோதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே நாடு ஓநாய்க்கு ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு ஈற்று, அதாவது அத்தனை தாய்கள் குட்டி போட்டால் போதும் என்று இலக்கு வைத்து, மிஞ்சியதைச் சுடுகிறது. ஓநாயைச் சுட்டுவிட்டு ஓநாயின் வேலையை நாங்கள் செய்கிறோம் என்று குழுவில் சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டு காபி குடிப்பேன். வாயைத் திறந்தால் அடுத்த ஆண்டு பங்கு கிடைக்காது.

ஊசிமருந்து:

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் ஒரு வசதி, விலங்குகள் காட்டில் பிறந்தவை. நான் கால்நடை மருத்துவம் படிக்கும்போது தென்னாப்பிரிக்காவில் ஒரு சிங்கப் பண்ணையில் பயிற்சிக்கு இருந்தேன். பெயர் வேண்டாம். வெளிநாட்டு இளைஞர்கள் பணம் கட்டி வந்து "அநாதைக் குட்டிகளுக்கு" புட்டிப்பால் கொடுப்பார்கள். தாய்க்கு என்ன ஆனது என்று கேட்டால் ஒரு குட்டிக்குப் பாம்பு, இன்னொன்றுக்குக் கள்ள வேட்டை, இன்னொன்றுக்குத் தாய் ஒதுக்கிவிட்டது. அந்தத் தாய்களில் ஒன்றுக்கு அன்று காலைதான் பின்பக்க அடைப்பில் ஊசி போட்டிருந்தேன். பால் மடி கட்டியிருந்தது.

குட்டியைப் பிரித்தால் தாய் சீக்கிரம் மறுபடி சினைக்கு வரும். அதுதான் தொழில். குட்டியாக இருக்கும்போது மடியில் வைத்துப் படம் எடுக்கக் காசு, கொஞ்சம் வளர்ந்ததும் கூட நடக்கக் காசு, பிடரி வந்ததும் வேலி போட்ட நிலத்தில் விட்டுச் சுடக் காசு, கடைசியில் எலும்புக்கும் காசு. 2017இல் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்த அரசே ஒதுக்கீடு கொடுத்தது, அடுத்த ஆண்டு 1500 ஆக்கியது. 2019இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2021 மே மாதம், சிங்கத்தை அடைத்து வளர்ப்பதை நிறுத்தப்போவதாக அமைச்சர் அறிவித்தார். அறிவித்தவுடன் பண்ணைகள் மூடவில்லை. நாட்டில் அடைப்பில் இருப்பவை 8000க்கு மேல் என்றார்கள். அவ்வளவையும் காட்டிலும் விட முடியாது, மனிதனிடம் பால் குடித்து வளர்ந்தவை.

இது எந்தக் காட்டையும் காப்பாற்றவில்லை. கோழிப்பண்ணை என்று சொன்னால் கோழிப்பண்ணைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்கள் யாரும் கோழியை அநாதை என்று சொல்லி விற்பதில்லை.

மாராவண்டி:

கென்யாவில் சுற்றுலா வண்டி ஓட்டும் நிறுவனத்தில் இருந்தேன். அங்கே 1977இலிருந்து வேட்டைக்குத் தடை. வருகிறவர்கள் எல்லாம் கேமராதான். கொல்லாமல் சம்பாதிக்கலாம் என்பதற்கு எங்களைத்தான் காட்டுவார்கள். ஆனால் 1977க்கும் 2016க்கும் நடுவே அந்த நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. வேட்டைக்காரர்கள் இதைத் தூக்கிக்கொண்டு வந்து "பார்த்தாயா, தடை போட்டதால் வந்த வினை" என்பார்கள். அவ்வளவு எளிதில்லை. ஆடுகள் பெருகின, வேலிகள் முளைத்தன, நிலம் துண்டுதுண்டானது. விலங்கால் ஒரு காசு வராத நிலத்தில் மனிதன் வேலி போடாமல் என்ன செய்வான்? மாசாய் மாரா காப்பகத்தின் பக்கத்தில், மாசாய் இன நிலக்காரர்களுக்குச் சுற்றுலா நிறுவனங்கள் ஏக்கர் கணக்கில் குத்தகை கொடுத்த இடங்களில் விலங்குகள் நின்றன. 2020இல் விமானம் நின்றதும் அந்தக் குத்தகையும் ஆடிப்போனது.

கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவிங்கிப்புலி ஒன்று தாம்சன் மானைக் குறிவைத்துப் பதுங்கும். ஒரு டிரைவர் ரேடியோவில் சொல்வார். பத்து நிமிடத்தில் சுற்றிலும் வண்டி, மேற்கூரையெல்லாம் திறந்து தலைகள். மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். சிவிங்கிப்புலி எழுந்து வண்டிகளுக்கு நடுவே நடந்து போகும், பின்னால் குட்டிகள், வயிறு ஒட்டி. எங்களுக்கு அன்றைக்கு நல்ல டிப்ஸ்.

ஏடெழுதி:

சுடும் எண்ணிக்கை சரி, எதைச் சுடுகிறோம் என்பதையும் பேச வேண்டும். ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைப் படங்களை வைத்து வயது பார்க்கும் வேலையில் இருந்தேன். மூக்கைப் பார்ப்போம். சின்ன வயதில் மூக்கு நுனி இளஞ்சிவப்பு. போகப் போகக் கரும்புள்ளி விழுந்து ஐந்தாறு வயதில் பாதிக்கு மேல் கறுத்துவிடும். கூட்டத்தின் ஆண் சிங்கம் இளவயதிலேயே செத்தால், புதிதாக வரும் ஆண்கள் இருக்கிற குட்டிகளைக் கொன்றுவிடும். அதனால் ஆறு வயதுக்குக் கீழே சுடாதே என்பது விதி. மொசாம்பிக்கின் நியாசா காப்பகத்தில் வயது குறைந்ததைச் சுட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும். அங்கே விதி வந்த பிறகு படங்களில் மூக்கு கறுக்க ஆரம்பித்தது. தண்டனை பையைத் தொட்டதால் நடந்தது.

கொம்பில் கதை தலைகீழ். சுவரில் மாட்டும் தலைக்காகச் சுடுகிறவர் அளவு நாடாவை வைத்துக் கொம்பை அளக்கிறார், பெரிசுக்குத்தான் மதிப்பு. கனடாவின் ராம் மலையில் பெருங்கொம்பு ஆடுகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். கொம்பு வேகமாக வளரும் கிடாக்கள் இனம் பெருக்கும் முன்பே சுடப்பட்டன. மிஞ்சியவற்றின் கொம்பு தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தது. பாகிஸ்தானில் மார்க்கோர் ஆட்டுக்கு ஆண்டுக்கு 12 அனுமதிதான், கட்டணத்தில் 80 சதவீதம் ஊருக்கு. 2015இல் அதன் அழிவாபத்து நிலை இரண்டு படி தணிந்தது. இந்த ஒரு எடுத்துக்காட்டை வைத்தே வேட்டைச் சங்கங்கள் எல்லா வேட்டைக்கும் சான்றிதழ் எழுதிக்கொள்கின்றன.

கணக்குப்பிள்ளை:

ஊசிமருந்து சொன்னதும் நான் சொன்னதும் ஒரே தொழில் இல்லை, ஆனால் வேட்டையாடிய விலங்கின் தலை, தோல், தந்தம் கொண்டுவர இறக்குமதித் தடை போடும் நாடுகள் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுகின்றன. பெல்ஜியம் 2024 ஜனவரியில் தடைக்கு ஓட்டுப் போட்டது. ஜெர்மனியிலும் பேச்சு எழுந்தபோது, அப்படியானால் 20,000 யானைகளை உங்களுக்கே அனுப்புகிறேன், கூட இருந்து பாருங்கள் என்றார் அப்போதைய போட்ஸ்வானா அதிபர். அங்கே யானைகள் சுமார் 1,30,000. 2014இல் வேட்டையை நிறுத்திப் பார்த்து 2019இல் மறுபடி திறந்த நாடு. கிண்டலாகச் சொன்னாலும் அவர் கேட்ட கேள்விக்கு ஐரோப்பாவில் யாரும் ரசீது நீட்டவில்லை. ஓடையும் மலையும் உள்ள இடத்துக்குக் கேமரா வரும். நான் இருந்த பகுதி வறண்ட முட்காடு, அங்கே படம் எடுக்க யாரும் வரவில்லை.

இந்த இழையில் இதுவரை வந்த எல்லோருமே சம்பளத்துக்கோ பங்குக்கோ அங்கே இருந்தவர்கள்தான். யானை மிதித்த வயலுக்குச் சொந்தக்காரர், சிங்கத்துக்கு மாடு கொடுத்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். இழப்பீடு கேட்டு விண்ணப்பம் போட்டீர்களா, எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பதையும் சேர்த்து.